தூத்துக்குடிக்குப் போய்விட்டால் அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

வணக்கம். என் ஊர் கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் கிராமம். அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தேன். 600க்கு 527. உயிரியலில் 97. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

என்ன படிப்பது, எங்கே படிப்பது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சென்னையில் இருக்கும் மாமா, "கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, பணத்தை நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். புதுச்சேரி அத்தை, அவர் வீட்டில் தங்கி நர்சிங் படிக்கச் சொல்கிறார். உயிரியல் டீச்சர் மீன்வளப் படிப்புக்கு விண்ணப்பிக்க வைத்தார், கட்டணத்தையும் அவரே கட்டினார். ரேங்க் பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரி கிடைக்கும் என்கிறார் டீச்சர். அதைக் கேட்டு மாமா, "மீனைப் பத்திப் படிக்க நாலு வருஷமா? உங்க அம்மா கூடையிலயே எல்லாம் இருக்கே" என்று சிரித்தார்.

இதற்குள் தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் கிடைத்துவிட்டது. சைக்கிளில் போய்வரலாம். அதிலேயே சேர்ந்துவிடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். டீச்சர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "எனக்கு அவ்வளவு ஆசை இல்லை டீச்சர்" என்று சொன்னேன். அது பொய்.

அம்மா விடிகாலையில் துறைமுகத்தில் மீன் எடுத்துவந்து விற்கிறார். மீன் அரியும்போது நானும் பக்கத்தில் உட்காருவேன். எந்த மீன் வயிற்றில் என்ன இருக்கிறது, எந்த மாதத்தில் எதற்குச் சினை இருக்கிறது என்று ஒன்பதாவதிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். சங்கரா, பாறை, காரப்பொடி, கொடுவா என்று தனித்தனிப் பக்கம். மீன்பிடித் தடைக்காலம் போடுவதே மீன் இனப்பெருக்கத்துக்குத்தான் என்கிறார்கள். ஆனால் அது முடிந்து பல மாதம் கழித்தும் சில மீன்களில் சினை பார்க்கிறேன். ஏன் என்று யாரையும் கேட்கத் தெரியவில்லை.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். குடித்துவிட்டு வந்தால் அம்மாவை அடிப்பார். நான் குறுக்கே போய் நின்றால் கையை இறக்கிவிடுவார், என்னை இதுவரை அடித்ததில்லை. தடைக்காலத்தில் வீட்டிலேயே இருப்பதால் அந்த இரண்டு மாதமும் மிகவும் கஷ்டம். ஒருமுறை அருவாமனையைத் தூக்கிவிட்டார். அன்றிலிருந்து தினமும் படுப்பதற்கு முன் அதைப் பழைய துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவேன். விடிவதற்குள் எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுவேன். அம்மாவுக்குத் தெரியாது. தம்பி எட்டாவது படிக்கிறான், சின்னப் பையன்.

நான் தூத்துக்குடிக்குப் போய்விட்டால் யார் குறுக்கே நிற்பார்கள்? போகாமல் இருப்பதுதானே சரி? அடுத்த வாரத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். தூக்கமே வருவதில்லை.

இப்படிக்கு,
கடலூர் வாசகி

---

அன்பு மகளே,

உன் கடிதம் நோட்டுத் தாளில் இரண்டரைப் பக்கம். அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் பலமுறை அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறாய். ஒரு வரி முழுவதும் மை பூசி மறைத்திருக்கிறாய். மீனைப் பற்றி எழுதிய பத்தியில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அது என் கண்ணில் பட்டது. அந்தப் பத்தியை எழுதும்போது நீ பயத்தில் இல்லை.

மாமாவும் அத்தையும் சொல்வதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் நல்ல படிப்புதான், ஆனால் உன் கடிதத்தில் அதைப் பற்றி உன் வாயால் ஒரு வார்த்தை இல்லை. புதுச்சேரியில் சென்டாக் என்ற அரசு மாணவர் சேர்க்கை அமைப்பு வழியாகக் கிடைக்கும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் புதுச்சேரி இருப்பிடச் சான்று உள்ளவர்களுக்குத்தான். அத்தை வீட்டில் தங்குவதால் மட்டும் உனக்கு அது கிடைத்துவிடாது. இருவருக்கும் நன்றி சொல்லிவிடு, உன்மீது அக்கறை இல்லாமல் அவர்கள் சொல்லவில்லை.

இனி உன் நோட்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் 61 ஆக்கினார்கள். அது பல வகை மீன்களுக்கும் சேர்த்து வகுத்த பொதுவான காலம். எல்லா மீனும் ஒரே நேரத்தில் முட்டையிடுவதில்லை. சில வகைகள் ஆண்டில் ஒருமுறைக்கு மேலும் முட்டையிடும், நீரின் சூடு, மழை, இரை இவற்றைப் பொறுத்துக் காலமும் மாறும். நீ கண்ணால் பார்த்துக் குறித்து வைத்தது இதைத்தான். மீன்வளக் கல்லூரியில் மாதாமாதம் மீனை வாங்கி, வயிற்றைத் திறந்து, சினையை எடை போட்டு, முதிர்ச்சி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதுவார்கள். நீ அதையே தராசு இல்லாமல், ஒன்பதாம் வகுப்பிலிருந்து, அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்து செய்திருக்கிறாய். இதில் ஆசை இல்லை என்று டீச்சரிடம் சொன்னபோது உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அருவாமனையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். பதினேழு வயதுப் பெண் எல்லோருக்கும் கடைசியாகப் படுத்து, எல்லோருக்கும் முன்னால் எழுந்து, ஒரு வீட்டைக் காவல் காக்கிறாள். குடியும் அடியும் உள்ள வீடுகளில் ஒரு பிள்ளை இப்படித்தான் சீக்கிரமே பெரியவளாகிவிடுகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே அன்று ராத்திரி எப்படிப் போகும் என்று அதற்குத் தெரிந்துவிடும். நாளாக ஆக, தான் இல்லாவிட்டால் வீடே கவிழ்ந்துவிடும் என்று நம்பத் தொடங்கும். உனக்குத் தூக்கம் வராததற்குக் கவுன்சலிங் தேதி மட்டும் காரணம் இல்லை. பல வருடமாகவே நீ முழுத்தூக்கம் தூங்கியிருக்க மாட்டாய்.

உன் பயம் வீண் பயம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒருமுறை அருவாமனையைத் தூக்கியவர் இன்னொரு முறையும் தூக்கலாம். ஆனால் நீயே யோசித்துப் பார். தேவனாம்பட்டினத்தில் சேர்ந்தாலும் பகல் முழுக்கக் கல்லூரியில் இருப்பாய். அம்மா அடிபடாமல் இருக்க இப்போது இருக்கும் ஒரே ஏற்பாடு உன் உடம்பு. நீ குறுக்கே நிற்பதால் அன்றைய அடி தள்ளிப்போகிறது, அடுத்த தடைக்காலத்தில் மறுபடியும் அதே நிலைதான். அம்மாவின் பாதுகாப்புக்கு உன்னைத் தவிர வேறு ஆட்களும் வேண்டும். இது நீ ஊரில் இருந்தாலும் போனாலும் செய்தாக வேண்டிய வேலை.

முதலில் அம்மாவிடம் பேசு. கடிதம் முழுக்க அம்மா வருகிறார், ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்று ஓரிடத்திலும் இல்லை. மாமா சொன்னதும் அத்தை சொன்னதும் டீச்சர் சொன்னதும் இருக்கிறது. உன் நோட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தூத்துக்குடி கிடைக்கும் என்றாவது தெரியுமா? அவரைக் கேட்காமலே அவருக்காக ஒரு முடிவு எடுத்துவிட்டாய். அருவாமனை விஷயம் அவருக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். நாள்தோறும் அதில் உட்கார்ந்து அரிபவருக்கு, அது ராத்திரியில் இடம் மாறுவது தெரியாமலா இருக்கும்? உன்னைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று அவரும் பேசாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா கடலுக்குப் போன நாளாகப் பார்த்து, கூடை இறக்கி மூச்சு வாங்கிய பிறகு, இந்தக் கடிதத்தில் எனக்குச் சொன்னதை அப்படியே அவரிடம் சொல். அழுகை வந்தால் அழுதுவிட்டுச் சொல்.

பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். அம்மாவும் தம்பியும் இதை மனப்பாடம் செய்யட்டும். தம்பி சின்னப் பையன்தான், உன் இடத்தில் அவனைக் காவலுக்கு நிறுத்திவிடாதே. சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்வது மட்டும் அவன் வேலை. அவனுக்கென்று குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. மாவட்டத்தில் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, அடிபட்ட பெண்ணுக்குத் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவம், சட்ட உதவி எல்லாம் அங்கே இலவசம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீட்டை விட்டு வெளியேறாமலே அம்மா பாதுகாப்பு உத்தரவு கேட்க முடியும். மீன் விற்கும் பெண்களில் அம்மாவுக்கு நெருக்கமான இரண்டு பேரிடமாவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். செலவு பண்ணத் தயாராக இருக்கும் மாமாவிடம் பணத்துக்குப் பதிலாக இதைக் கேள்: "தடைக்காலத்தில் நீங்க இங்க வந்து இருங்க மாமா." அவர் அம்மாவின் கூடப்பிறந்தவர்தானே.

அப்பாவின் குடிக்கு சிகிச்சை உண்டு, அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவில் கேட்கலாம். தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரக்கூடும், அதனால் டாக்டர் மேற்பார்வை அவசியம். அவர் வருவாரா மாட்டாரா என்பது உன் கையில் இல்லை. அவரைத் திருத்துவதும் உன் வேலை இல்லை. உன்னைக் கண்டதும் கையை இறக்குகிறாரே, தெளிந்திருக்கும் நேரத்தில், அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரோ உன் டீச்சரோ அதைச் சொல்லியே பேசிப் பார்க்கலாம்.

எந்தக் கல்லூரி என்று கேட்டாய். நான் உன் இடத்தில் இருந்தால் மீன்வளம்தான் எடுப்பேன். தூத்துக்குடிக் கல்லூரி 1977இல் தொடங்கியது, தமிழ்நாட்டில் இந்தப் படிப்புக்கு அதுதான் மூத்த கல்லூரி. விழுப்புரம் போய் ராத்திரி முத்துநகர் ரயில் ஏறினால் விடிகாலையில் அங்கே இறங்கலாம். அம்மா துறைமுகத்தில் மீன் எடுக்கும் நேரம். பொன்னேரியிலும் நாகப்பட்டினம் பக்கம் தலைஞாயிறிலும் இதே பட்டப்படிப்பு இருக்கிறது. வீட்டுக்கு அருகில் இருப்பது மனதுக்குத் தைரியம் தரும் என்றால், விருப்ப வரிசையில் அவற்றையும் போடு. மீனவர் பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் தனி இடங்கள் உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கு வரும். முதல் பட்டதாரிச் சான்று, சாதிச் சான்று, மீனவர் சான்று இவற்றை இந்த வாரமே தயார் செய்துகொள். படித்து முடித்தால் மீன்வளத் துறை ஆய்வாளர் தேர்வு, வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வு எழுதலாம், இறால் பண்ணை, ஏற்றுமதி என்று தனியாரிலும் வேலை உண்டு. மாமாவிடம் இதைச் சொல்.

அம்மாவோடு பேசிய பிறகும் தேவனாம்பட்டினம்தான் என்று தோன்றினால் தாராளமாகச் சேர். விலங்கியல் முடித்துவிட்டுப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. படிக்கலாம். வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது, உன் ஊரிலிருந்து தினமும் போய்வரும் தூரம்தான். அது இளைத்த வழி இல்லை. ஆனால் அங்கே சேருவதாக இருந்தால் "எனக்கு விலங்கியல் பிடிக்கும்" என்று சொல்லிச் சேர், ஆசை இல்லை என்று சொல்லிச் சேராதே. டீச்சரிடமும் நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடு. விண்ணப்பக் கட்டணம் கட்டியவருக்கு உன் வீட்டு நிலைமை தெரிந்தால் அவர் கோபம் நிற்காது, உனக்கு ஒரு துணையும் கிடைக்கும்.

தூக்கம் வராத ராத்திரிகளில் 14416-ஐ அழை. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். ஊரை விட்டுப் போன முதல் மாதம் குற்ற உணர்ச்சி கட்டாயம் வரும். அம்மாவை விட்டுவிட்டு வந்து நிம்மதியாகச் சோறு சாப்பிடுகிறோமே என்றிருக்கும். அப்போதும் அந்த எண்ணுக்குப் பேசு. தினமும் ஒரு நேரம் குறித்து அம்மாவுக்கும் போன் பண்ணு.

கவுன்சலிங்குக்குப் போகும்போது அந்த நோட்டைப் பையில் வைத்துக்கொள், யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. இனி மாதாமாதம் சினை பார்த்துச் சொல்லும் வேலையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போ. அவர் போனில் சொல்லட்டும், நீ எழுதிக்கொள். அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.