‘ஓநாய்’ என்று எழுதினால் மெசேஜ் காணாமல் போகிறதே!

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் வருபவை எல்லாம் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் மைன்கிராஃப்ட் விளையாட்டின் ரசிகர் குழு நடத்துபவர்களின் கேள்விகள். டிஸ்கார்டிலும் ‘சர்வர்’, விளையாட்டிலும் ‘சர்வர்’ என்பதால், அரட்டை நடக்கும் இடத்தைக் ‘குழு’ என்றே எழுதுகிறோம்.

வசவு வார்த்தைகளைத் தடுக்க டிஸ்கார்டின் தானியங்கி வடிகட்டியான ஆட்டோமாட் போட்டோம். ‘ஓநாய்க்கு எத்தனை எலும்பு போடணும்?’ என்று கேட்ட பையனின் மெசேஜைத் தடுத்துவிட்டது. ‘போடா நாயே’ மட்டும் ஜம்மென்று உள்ளே வருகிறது. ஏன் இப்படி?
– வாசகர், ஈரோடு

பட்டியலில் ‘நாய்’ என்பதை முன்னும் பின்னும் நட்சத்திரக் குறியோடு, *நாய்* என்று சேர்த்திருப்பீர்கள். ‘இந்த எழுத்துகள் எந்தச் சொல்லுக்குள் இருந்தாலும் பிடி’ என்பது அதன் பொருள். ஓநாய்க்குள் நாய் இருக்கிறது, பிடித்துவிட்டது.

‘நாயே’ தப்பிப்பதற்குக் காரணம் புள்ளி. நமக்கு ‘ய்’ ஓர் எழுத்து. கணினிக்கு அது ‘ய’ ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறிகள். ‘நாயே’வில் ய-வுக்குப் பின் வருவது புள்ளி அல்ல, ஏகாரக் குறி. நீங்கள் கேட்ட புள்ளி அங்கே இல்லாததால் கதவு திறந்துவிடுகிறது. எனவே புள்ளியில் முடியும் சொல்லைச் சேர்க்கும்போது கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு, பின்னால் மட்டும் நட்சத்திரம் போடுங்கள். ‘முட்டாள*’ என்றால் முட்டாள், முட்டாளே, முட்டாள்தனம் எல்லாம் அகப்படும். மகர மெய்யில் முடிபவற்றுக்கு இது போதாது. ‘பிணம்’ வேற்றுமை ஏற்றால் ‘பிணத்தை’ ஆகிவிடும். ‘பிண*’ என்று சுருக்கினால் ‘பிணக்கு’, ‘பிணை’ எல்லாம் மாட்டிக்கொள்ளும். ‘பிணம*’, ‘பிணத்த*’ என இரண்டாகச் சேர்ப்பதே வழி. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்கள் ஒரே வசவை நாலைந்து விதமாக எழுதுவார்கள். ஒவ்வொன்றும் தனிச் சொல்லாக வேண்டும். ஒரு விதியில் 1,000 சொற்கள் வரை போடலாம், அப்படி 6 விதிகள் வைக்கலாம். இடத்துக்குப் பஞ்சமில்லை.

‘நாய்’ விஷயத்துக்கு வருவோம். மைன்கிராஃப்டில் பாதிப் பேர் நாய் வளர்க்கிறார்கள். ‘நாய*’ என்று மாற்றினால் ஓநாய் தப்பும், நாய்க்குட்டி மாட்டும். அந்தச் சொல்லைத் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்போம். மனம் வராவிட்டால் இன்னொரு விதி வைத்து, அதில் மெசேஜைத் தடுக்காமல் மாடரேட்டர்கள் (குழுவைக் கண்காணிப்பவர்கள்) பார்க்கும் சேனலுக்கு எச்சரிக்கை மட்டும் அனுப்பும்படி வையுங்கள். திட்டா, செல்லப்பிராணியா என்பதை ஆள் பார்த்துச் சொல்லட்டும். தடுக்கும் விதியில் எந்த இடத்திலும் நல்ல பொருள் வராத சொற்கள் மட்டும் இருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். குழுவின் உரிமையாளர், அட்மின் கணக்குகளை ஆட்டோமாட் தொடாது. உங்கள் கணக்கிலிருந்து திட்டிப் பார்த்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று குழம்புபவர்கள் நிறைய. எந்த ரோலும் (அனுமதிகள் தரும் பதவி) இல்லாத இன்னொரு கணக்கில் சோதியுங்கள். (பையனுக்குப் பதில்: ஒவ்வோர் எலும்புக்கும் ஓநாய் பழகுவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. ஒன்றிலும் பழகலாம், பத்தும் தீரலாம்.)

நள்ளிரவில் நாற்பது புதுக் கணக்குகள் திமுதிமுவென்று நுழைந்து ஆபாசப் படங்களாகப் போட்டுத் தள்ளின. ஒவ்வொன்றாக கிக் செய்தோம், திரும்பத் திரும்ப வந்தன. அடுத்த முறை என்ன செய்வது?
– வாசகர், திருச்சி

ஆளைப் பிடிப்பதற்கு முன் கதவைச் சாத்துங்கள். முதல் வேலை, அழைப்பு லிங்க்குகளைத் தற்காலிகமாக நிறுத்துவது (‘Pause’). இரண்டாவது, வெரிஃபிகேஷன் லெவலை ‘ஹை’க்கு ஏற்றுவது, உள்ளே வந்து 10 நிமிடம் ஆகாதவர்களால் எழுத முடியாது. மூன்றாவது, கூட்டம் மொய்க்கும் சேனலில் ஸ்லோமோட், அதாவது ஒருவர் அடுத்த மெசேஜ் போடக் காத்திருக்க வேண்டிய இடைவெளி. அதை 6 மணி நேரம் வரை நீட்டலாம், அவசரத்துக்கு 1 நிமிடமே போதும்.

பிறகுதான் ஆள். கிக் வேண்டாம், அது வெளியே தள்ளுவது மட்டும்தான். லிங்க் கையில் இருந்தால் அடுத்த நொடியே வந்துவிடலாம். பேன் செய்யுங்கள், அந்தக் கணக்கு திரும்ப வர முடியாது. செய்யும்போதே ‘கடந்த 7 நாள் மெசேஜ்களை அழி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் படங்களும் கூடவே போய்விடும்.

அடங்கியதும், எந்த அழைப்பு லிங்க் வழியாக வந்தார்கள் என்று உறுப்பினர் பட்டியலில் பார்த்து, அந்த லிங்க்கை அழியுங்கள். பெரும்பாலும் யூடியூப் வீடியோவின் கீழே போட்ட காலாவதியாகாத லிங்க்காக இருக்கும். பயந்துபோய் லெவலை ‘ஹையஸ்ட்’டில் நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். அது போன் எண் கேட்கும், சொந்த போன் இல்லாத பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் வெளியே நிற்பார்கள்.

எங்கள் மாடரேட்டரின் கணக்கிலிருந்தே ‘நான் செய்த புது மாட், ஓட்டிப் பாருங்கள்’ என்று ஒரு ஜார் ஃபைல் (மாட்கள் வரும் நிரல் கோப்பு) வந்தது. மூன்று பேர் இறக்கி ஓட்டியும்விட்டார்கள். இரட்டைப் பாதுகாப்பு வைத்திருந்தும் அவர் கணக்கு எப்படிப் போனது?
– வாசகர், கோலாலம்பூர்

இரட்டைப் பாதுகாப்பு, உள்ளே நுழையும் வாசலில் நிற்கும் காவலாளி. டிஸ்கார்டில் ஏற்கெனவே நுழைந்திருக்கும் கணினியில் ‘டோக்கன்’ என்ற நீண்ட எழுத்துச்சரம் இருக்கிறது. அதைத் திருடுபவருக்கு பாஸ்வேர்டும் வேண்டாம், ஆறு இலக்க எண்ணும் வேண்டாம். மைன்கிராஃப்ட் மாட் என்பது, விளையாட்டை மாற்றியமைக்க உங்கள் கணினியில் நேரடியாக ஓடும் நிரல் என்பதால் இது திருடனுக்கு வசதியான வழி. 2023 ஜூனில் பரவிய ‘ஃப்ராக்சரைசர்’ என்ற நச்சு நிரல் இப்படித்தான் டிஸ்கார்ட், மைக்ரோசாஃப்ட் கணக்கு விவரங்களைத் திருடியது. அது கர்ஸ்ஃபோர்ஜ், புக்கிட் தளங்களில் இருந்த மாட்களுக்குள்ளேயே புகுந்திருந்தது. பெயர்பெற்ற தளத்தின் லிங்க் மட்டும் போடலாம் என்று விதி வைத்தால் ஆபத்து குறையும், முழுதாகப் போகாது. சேனலில் நேரடியாக ஜார் ஃபைல் ஏற்றுவதையாவது தடை செய்யுங்கள்.

இப்போது உடனே செய்ய வேண்டியது: உரிமையாளர் அந்த மாடரேட்டரின் ரோல்களை முதலில் பிடுங்க வேண்டும். அவருக்குச் சமமான ரோலில் இருப்பவரால் முடியாது, மேலே இருப்பவரால்தான் முடியும். பிறகு ஃபைலை அழித்துவிட்டு, ஆடிட் லாகை (குழுவில் யார் என்ன மாற்றினார்கள் என்ற பதிவு) திறந்து புதிதாக வெப்ஹுக் (வெளியிலிருந்து சேனலுக்கு மெசேஜ் அனுப்பும் வழி) உருவாகியிருக்கிறதா, பாட் (தானியங்கிக் கணக்கு) சேர்ந்திருக்கிறதா, யாருக்காவது ரோல் போயிருக்கிறதா என்று பாருங்கள். லாக் 45 நாள்தான் இருக்கும். வெப்ஹுக்கை விட்டுவிட்டால் கணக்கு மீண்ட பிறகும் மோசடி மெசேஜ் வந்துகொண்டே இருக்கும்.

அவரும் அந்த மூன்று பேரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். மாற்றினால் பழைய டோக்கன் செத்துவிடும். ஆனால் அதே கணினியில் மாற்றினால் புது டோக்கனும் திருட்டுப் போகும். வேறு சாதனத்தில் மாற்றிவிட்டு, இந்தக் கணினியைச் சுத்தம் செய்த பிறகே அதில் நுழையட்டும்.

மாடரேட்டர்களுக்கு ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ அனுமதி எதற்கு? மெசேஜ் அழிக்க, டைம்அவுட் (சிறிது காலம் பேசவிடாமல் நிறுத்துவது), கிக், பேன் ஆகிய நான்கும் இருந்தால் அன்றாட வேலை நடக்கும். கணக்கு திருட்டுப் போனாலும் சேதம் அந்த நான்கோடு நிற்கும்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண், ‘ஒரு அண்ணா மைன்காயின் (விளையாட்டுக் காசு) வாங்கித் தர்றேன், போட்டோ அனுப்புன்னு தனியா மெசேஜ் பண்றார்’ என்றாள். அந்த ஆளை உடனே பேன் செய்துவிடவா?
– வாசகி, மதுரை

பேன் செய்யுங்கள், ஆனால் கடைசியில். முதலிலேயே செய்தால் அவன் உஷாராகித் தன் மெசேஜ்களை அழித்துவிடுவான். கூப்பிட்டு விசாரிக்கவும் வேண்டாம். நண்பர் பட்டியலில் இருந்தாலோ இருவரும் வேறொரு குழுவில் சேர்ந்திருந்தாலோ தனி மெசேஜ் தொடரவும் செய்யும்.

தனி மெசேஜ் அந்தப் பெண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பதால் புகாரும் அவளுடைய கணக்கிலிருந்தே போக வேண்டும். மெசேஜை அழுத்திப் பிடித்தால் ‘ரிப்போர்ட்’ வரும். எதையும் அழிப்பதற்கு முன், அவனை ப்ளாக் செய்வதற்கு முன், வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யட்டும். எழுத்து மெசேஜ்களை ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம். டிஸ்கார்ட் அமைப்புகளில் டெவலப்பர் மோடை இயக்கி அவனுடைய கணக்கு எண்ணையும் நகலெடுங்கள். பெயரை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், எண் மாறாது.

அந்தரங்கப் படம் ஏதாவது போயிருந்தால் ‘ஆதாரத்துக்கு எனக்கு அனுப்பு’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குழந்தைகளின் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம், நோக்கம் நல்லதாக இருந்தாலும் சிக்கல்தான். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் பேசலாம், உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போகலாம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, இப்படியொரு குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும். அது மாடரேட்டருக்கும் பொருந்தும்.

எத்தனை நாள் டைம்அவுட் கொடுப்பது என்பதில் எங்களுக்குள் தினமும் சண்டை.
– வாசகர், சேலம்

முதல் முறை 10 நிமிடம், அடுத்தது 1 நாள், அதற்கடுத்தது 1 வாரம், பிறகு பேன். ஒவ்வொரு முறையும் காரணக் கட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து ‘என்னை ஏன் தண்டித்தீர்கள்’ என்று வருபவருக்குக் காட்ட அதையே ஒரு தனிச் சேனலிலும் நகலெடுத்து வையுங்கள். மாடரேட்டரின் நண்பர் மாட்டினால் வேறொரு மாடரேட்டர் பார்க்கட்டும்.

குழுவுக்கு ‘மைன்கிராஃப்ட் தமிழ்’ என்று பெயர் வைக்கலாமா?
– வாசகர், சென்னை

‘மைன்கிராஃப்ட்’ என்ற சொல் முன்னால் நிற்பதை, விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகள் விரும்பவில்லை. உங்கள் பெயரை முன்னால் வையுங்கள், ‘மைன்கிராஃப்ட் ரசிகர்கள்’ என்பது பின்னால் சிறியதாக வரலாம். இது அதிகாரபூர்வமானதல்ல, மொஜாங்கோடோ மைக்ரோசாஃப்டோடோ தொடர்பில்லை என்ற வரியை விதிகள் சேனலின் உச்சியில் போட்டுவிடுங்கள்.