எந்த வலைய விடணும்? – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணே வணக்கம். நான் பாம்பன் பக்கம், விசைப்படகுல டிரைவரா இருக்கேன், வயசு 27. போன மாசம் ஒரு தியானத்துக்குப் போயிருந்தேன். பேதுருவும் அந்திரேயாவும் அப்பவே வலைய விட்டுட்டு ஆண்டவர் பின்னால போனாங்க, நீ இன்னும் எதைப் புடிச்சிட்டு நிக்கிறன்னு அங்க பேசுனவரு கேட்டதும் அழுதுட்டேன், எழுந்து நின்னு எல்லாத்தையும் விட்டுட்டு ஊழியத்துக்கு வர்றேன்னு ஒப்புக்கொடுத்துட்டேன். ஆனா வீட்ல அப்பா பக்கவாதத்துல படுத்துருக்காரு, அம்மா கருவாடு விக்கிறாங்க, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறோம். முதலாளிகிட்ட 2 லட்சம் அட்வான்ஸ் வேற வாங்கிருக்கேன், அதனால அவரு சொல்றபடி இரட்டைமடி வலைதான் அடிச்சிட்டு இருக்கோம், எல்லாரும் அடிக்கிறாங்க. நான் போகலைன்னா கீழ்ப்படியாதவனா? பேர் போட வேணாம்ணே.

தம்பி,

உங்க கடிதத்த நாலஞ்சு தடவ படிச்சேன். அன்னைக்கு நீங்க அழுதது உண்மையான அழுகைதான், அதை யாரும் லேசா பேச விடாதீங்க.

பேதுரு வலைய விட்டது வாஸ்தவம். ஆனா லூக்கா நற்செய்தில எழுதுனத கொஞ்சம் மேலருந்து படிங்க. ராத்திரி பூரா தொழில் பாத்து ஒரு மீன் இல்ல, கரைக்கு வந்து வலைய அலசிட்டு இருக்காங்க. அந்த நேரம் இயேசுங்குற ஒரு தச்சர் வந்து படகுல ஏறி உக்காந்து பேசிட்டு, ஆழத்துக்குப் போய் வலைய போடுங்கன்னு சொல்றாரு, பட்டப்பகல்ல. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேணாம், தூக்கமில்லாம, மீன்பாடு இல்லாம, அலசி முடிச்ச வலைய திரும்ப நனைக்கச் சொன்னா வாயில என்ன வரும்னு எல்லாருக்கும் தெரியும். பேதுரு, ராத்திரி பூரா பாடுபட்டும் ஒண்ணும் கிடைக்கல, ஆனாலும் நீர் சொல்றதால போடுறேன்னு சொன்னாரு. எனக்கு அந்த "ஆனாலும்" தான் பெருசு. அதுதான் அவரோட முதல் கீழ்ப்படிதல், வலைய விடுறதுக்கு முன்னாடியே, தன்னோட சொந்தத் தொழில்ல, தனக்கு நல்லாத் தெரிஞ்ச விஷயத்துல.

அப்புறம் வீட்டு விஷயம். பேதுருவோட மாமியார் காய்ச்சல்ல கிடந்தப்ப இயேசு அந்த வீட்டுக்கே போய் குணமாக்குனாரு. இன்னும் ரெண்டு சீடர்கள், யாக்கோபும் யோவானும், அப்பாவ படகுல விட்டுட்டுப் போனப்ப கூலியாட்கள் கூட இருந்தாங்கன்னு மாற்கு ஞாபகமா எழுதிருக்காரு. அதே மாற்குல இயேசு கோவப்படுற ஒரு இடம் இருக்கு, பெத்தவங்களுக்குக் குடுக்க வேண்டியத "கொர்பான், இது கடவுளுக்குக் காணிக்கை"ன்னு சொல்லிட்டு கைய கழுவுறவங்கள பாத்து. படுத்துக்கிடக்குற உங்கப்பாவுக்கு மருந்து வாங்குற காசு அந்தக் கணக்குல வருது தம்பி. அதை எடுத்து ஆண்டவருக்குக் குடுத்தா அது உங்க தியாகமா, உங்கம்மா தியாகமா? நம்ம கூட்டங்கள்ல இந்தக் கேள்விய யாரும் கேக்குறதில்லங்குறது எனக்கு ரொம்ப நாள் வருத்தம்.

ஆனா சும்மா இருங்கன்னு நான் சொல்ல வரல. நீங்க ஊழியத்தப் பத்தி பத்து வரி எழுதிட்டு, நடுவுல ஒரு வரில இரட்டைமடி அடிக்கிறோம், எல்லாரும் அடிக்கிறாங்கன்னு கடந்து போயிட்டீங்க, எனக்கு அங்கதான் கண்ணு நின்னுச்சு. ரெண்டு படகு சேந்து ஒரே மடிய இழுத்துட்டுப் போனா அடில இருக்குறது எல்லாம் வந்துரும், குஞ்சு குளுவான் உட்பட, பாதி சங்காயமா, அதான் கழிவு மீனா, கோழித்தீவனத்துக்குப் போகும். தடை பண்ணுன வலைன்னு உங்களுக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். மறுநாள் வல்லத்துல, சின்ன நாட்டுப்படகுல, போறவன் வெறுங்கையோட வர்றான், அவன் வீட்லயும் ஒரு தங்கச்சி இருப்பா. வலைய விடணுமான்னு என்கிட்ட கேட்டீங்களே, ஆண்டவர் உங்ககிட்ட முதல்ல விடச் சொல்றது இந்த வலையத்தான்னு நான் நம்புறேன்.

இதுக்கும் விலை உண்டு, மறைக்கல. முதலாளி அட்வான்ஸ திருப்பிக் கேப்பாரு, டிரைவர் வேலை போகலாம், நாட்டுப்படகுல பங்குக்குப் போனா வரும்படி குறையும், கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போகலாம். அப்ப இதுவும் வீட்டுக்காரங்க தலைல விழுற தியாகம்தானேன்னு கேப்பீங்க. விழும்தான். ஆனா அப்பா மருந்துக்காசு அவரோட பங்கு, இரட்டைமடில வர்ற அந்த உபரி காசு வல்லத்துக்காரன் பங்குலருந்து எடுத்தது, ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க முடியாது. அதனால முதல்ல அம்மாகிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொல்லுங்க, தங்கச்சிகிட்டயும். அவங்களுக்குத் தெரியாம அவங்க பேர்ல எந்தத் தியாகமும் பண்ணாதீங்க.

இப்படி விலை குடுத்தவங்க நம்ம கரையிலயே ரெண்டு பேரு இருக்காங்க. 1549ல மண்டபம் பக்கத்து வேதாளைல படைவீரர்கள் வந்தப்ப அந்தோணி கிரிமினாலிங்குற சாமியாரு ஜனங்கள தோணில ஏத்தி விட்டுட்டு இருந்தாரு, தானும் ஏறித் தப்பிச்சிருக்கலாம், ஏறல, அங்கேயே கொன்னுட்டாங்க. ஓரியூர் அருளானந்தர், அதான் ஜான் டி பிரிட்டோ சாமியார், கதை உங்களுக்குத் தெரியும், தடியத்தேவர்ங்குற குறுநிலத் தலைவர் ஞானஸ்நானம் கேட்டப்ப ஒரு மனைவியோடதான் வாழணும்னு சாமியார் சொன்னாரு, அவரும் மத்த மனைவிகள ஒதுக்குனாரு, ஒதுக்கப்பட்டவங்கள்ல ஒருத்தர் ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு உறவு, கடைசில 1693 பிப்ரவரி 4ல சாமியார் தலைய வெட்டுனாங்க. அந்தப் பேச்ச கொஞ்சம் மழுப்பிருந்தா உயிர் தப்பிருக்கும். (ஒதுக்கப்பட்ட அந்தப் பொண்ணுங்க என்ன ஆனாங்கன்னு நாம பேசுறதே இல்ல, ஒவ்வொரு தடவ ஓரியூர் போறப்பவும் எனக்கு அது உறுத்தும்.) ரெண்டு பேருமே சாவைத் தேடிப் போகல. அன்னைக்கு முன்னாடி நின்ன வேலைய விட்டு நகரல, அவ்வளவுதான்.

ஊழியத்துக்கு அழைப்பு நிஜமா இருந்தா அது அடுத்த வருஷமும் இருக்கும், உங்க பங்குச் சாமியார்கிட்ட நிதானமா பேசுங்க.

ஏப்ரல் 15லருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையிலதான் நிக்கும். அதுக்குள்ள முதலாளிகிட்ட பேசிருங்க, அட்வான்ஸ மாசாமாசம் கழிக்கிறேன்னு எழுதிக் குடுங்க. தனியா போக சங்கடமா இருந்தா சொல்லுங்க, நான் பாம்பனுக்கு வர்றேன், கூட உக்காந்துக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்