நானோகுழாய்களின் ஒளி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். இரும்பு வினையூக்கியின் மேல் அசிட்டிலின் வாயுவைச் செலுத்தி, 750 டிகிரி சூட்டில் கார்பன் நானோகுழாய்களை வளர்த்தேன். கிடைத்த கரும்பொடியைப் புறஊதா விளக்கில் பார்த்தால் துளி ஒளியும் இல்லை. துத்தநாக ஆக்சைடுக்கு மாறிவிடு, அது கண்ணுக்குத் தெரிய ஒளிரும் என்கிறார் மூத்த மாணவர் ஒருவர். தலைப்பை மாற்றிவிடலாமா? ஆய்வேட்டைத் தமிழில் எழுதுவது பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள அம்மிணிக்கு,

எந்த மொழியில் எழுதுவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுதுவதற்கு முதலில் ஓர் அளவீடு வேண்டும்.

ஒளி இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? கார்பன் அணுக்களின் ஒரே தாள் சுருண்டாற்போன்ற ஒற்றைச்சுவர்க் குழாய்களின் ஒளி பெரும்பாலும் 900 முதல் 1600 நானோமீட்டர் வரை, அண்மை அகச்சிவப்பில் வருகிறது. மனிதக் கண் 700-ஐ ஒட்டியே நின்றுவிடும். ஒளியை அளக்கும் சிலிக்கான் உணரிகூட 1100-க்கு மேல் உதவாது. எந்த அலைநீளத்தில் தேட வேண்டும் என்று படித்துப் பார்க்காமல், விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு மனம் உடைந்து போயிருக்கிறீர்களே என்று எனக்குக் கோபம் வருகிறது. உங்களை அப்படி விட்டுவிட்ட வழிகாட்டியின் மேல் அது இன்னும் அதிகம். தவிர, அசிட்டிலினும் இரும்பும் அந்தச் சூட்டில் பெரும்பாலும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய பலசுவர்க் குழாய்களையே தரும். அவற்றிடம் இந்த ஒளியை எதிர்பார்க்கக் கூடாது.

துத்தநாக ஆக்சைடு நல்ல பொருள்தான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக ஒன்றைத் தேர்ந்துகொள்வது ஆய்வாகாது.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் உலையைத்தான் பெருமையாகக் காட்டுகிறார்கள். எத்தனை கிராம் விளைந்தது என்கிறார்கள். விளைந்ததைப் பிரித்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. நெடுநாளாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் இந்தக் குறையை உங்கள் கடிதம் மீண்டும் கிளறிவிட்டது. ஒற்றைச்சுவர்க் குழாய்கள் 1993-இலேயே அறியப்பட்டவை. ஆயினும் அவற்றின் ஒளியைத் தெளிவாகக் காண்பதற்கு 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வளரும்போதே அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுக்கட்டாகிவிடுகின்றன. பிரித்தறியாமல் வளர்த்தால் அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகத் தன்மை கொண்டவை, மற்றவை குறைகடத்திகள். குறைகடத்திக் குழாய் உள்வாங்கிய ஆற்றல் பக்கத்திலிருக்கும் உலோகக் குழாய்க்குப் போய், ஒளியாக வெளிவராமல் வெப்பமாகிவிடுகிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்மாலி, வைஸ்மன் குழுவினர் அந்தக் கட்டுகளைச் சோடியம் டோடெசில் சல்பேட் என்னும் சோப்புப் பொருள் கலந்த நீரில் மீயொலியால் குலுக்கி, மிகுந்த வேகத்தில் சுழற்றினார்கள். கனத்த கட்டுகள் அடியில் படிந்தன. மேலே தெளிந்த நீரில் நின்ற தனித்தனிக் குழாய்கள் ஒளிர்ந்தன. எந்த ஒளி எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்றும் அதே ஆண்டில் வகைப்படுத்தினார்கள். கார்பன் தாள் சுருண்ட விதத்தைச் சொல்லும் (6,5) என்ற எண்களால் குறிக்கப்படும் குழாயின் விட்டம் 0.76 நானோமீட்டர், அது 570-ஐ ஒட்டிய ஒளியை உறிஞ்சி 980-ஐ ஒட்டி உமிழ்கிறது. விட்டம் கூடக்கூட உமிழும் அலைநீளமும் பொதுவாகக் கூடும்.

சிறுவயதில் ஈரோட்டு மஞ்சள் மண்டியில் என் மாமாவின் கடையில், நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் அடியில் விரலி மஞ்சள் பொடியை வைத்துப் பார்த்திருக்கிறேன். தூளாகக் கிடந்தபோது அது மங்கிக் கிடந்தது. வெள்ளைச் சாஸரில் ஒரு சிட்டிகை போட்டு மாமா ஸ்பிரிட் ஊற்றியதும், அந்த வட்டம் முழுவதும் பச்சை கலந்த மஞ்சளாகப் பளிச்சென்று எரிந்தது. நெருங்கிக் கிடந்த குர்குமின் மூலக்கூறுகள் கரைந்து விலகியதால்தான் அந்த ஒளி என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. ஒளிர்வு என்று எங்கே படித்தாலும் எனக்கு அந்தச் சாஸர்தான் கண்ணில் நிற்கிறது.

தலைப்பை மாற்ற வேண்டாம். அசிட்டிலினை விட்டுவிட்டு எத்தனால் ஆவியையும் கோபால்ட்–மாலிப்டினம் வினையூக்கியையும் எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோவில் மருயாமா குழுவினர் 2002-இல் எத்தனாலைக் கொண்டு தூய ஒற்றைச்சுவர்க் குழாய்களை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். முதலில், சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு பொருளின் அதிர்வுகளைக் காட்டும் ராமன் நிறமாலையை எடுத்து, சென்டிமீட்டருக்கு 100 முதல் 300 வரையிலான அலையெண்களில், ஒற்றைச்சுவர்க் குழாயின் அடையாளமான, குழாய் விரிந்து சுருங்கும் அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மீயொலியால் குலுக்கும் சோனிகேட்டருக்கும் வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜுக்கும் போங்கள். உறிஞ்சிய ஒளியில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் ஒளிர்வாகத் திரும்பி வரும். அதைக் கண்டு மறுபடி சோர்ந்துவிடாதீர்கள். அண்மை அகச்சிவப்பைக் காணக்கூடிய இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், அது இருக்கும் ஆய்வகத்தை விசாரித்து மாதிரியைக் கொண்டுபோங்கள். பொடியாகக் கொண்டுபோகாமல், பிரித்தெடுத்த தெளிந்த நீராகக் கொண்டுபோங்கள்.