ஏரியப் படிச்சா சோறு கிடைக்குமான்னு கேட்ட அப்பாவுக்கு

அண்ணா, நேத்து நைட்டு நீங்க அனுப்புன வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன். பாப்பா ப்ளஸ் டூல நல்ல மார்க் வாங்கியிருக்கு, பிகாம் சேருன்னு சொன்னா ரெட்டேரி, புழல் ஏரி தண்ணியப் பத்தி ஆராய்ச்சி பண்ணப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்குதுன்னு சொல்றீங்க. உங்க பயம் நியாயம்ணா, மணலில லோடு வண்டி ஓட்டி சேத்த காசு அது. ஆனா பாப்பா கேக்கறதும் வெத்து ஆசை இல்ல.

2019 ஞாபகம் இருக்குல்ல? சென்னைக்கு குடிதண்ணி தர்ற புழல் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டைல இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு ட்ரிப்புக்கு 25 லட்சம் லிட்டர். கொடத்தோட லாரிக்கு லைன்ல நின்ன புள்ளைக்கு ஏரி மேல கேள்வி வராம எப்படிண்ணா இருக்கும்.

ஏரித் தண்ணிய பாட்டில்ல புடிக்கறதுக்கு ஒரு டிகிரியான்னு கேட்டீங்க. கனடால 1973ல ஒரு ஏரிய நடுவுல பிளாஸ்டிக் திரை போட்டு ரெண்டாப் பிரிச்சாங்க, ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க, ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரசும் போட்டாங்க, அந்தப் பக்கம் மட்டும் பாசி புடிச்சு பச்சையாயிடுச்சு. நம்ம சாக்கடைலயும் சோப்புத்தூள்லயும் வர்ற அதே பாஸ்பரஸ்தான். ஏரி எதால கெடுதுன்னு அப்படி நிரூபிச்சாதான் எதை நிறுத்தணும்னு சொல்லமுடியும். அதுவும் ஏரிய மட்டும் பாத்தா பத்தாது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ரெட்டேரி எல்லாம் ஒண்ணு ரொம்பினா கலங்கல் வழியா, அதாவது மிச்சத் தண்ணி வழிஞ்சு போற எடம் வழியா, இன்னொண்ணுக்குப் போற சங்கிலி, அதனால ரெட்டேரி நாறுதுன்னா வரத்துக் கால்வாய் வழியா பின்னாடியே நடந்து போயி எந்த எடத்துல கழிவு கலக்குதுன்னு தேடணும், மழைக்கு முன்னாடி ஒரு தடவ, மழைக்கு அப்புறம் ஒரு தடவ. வெயில்ல, சேத்துல நிக்கற வேலை, பாப்பாகிட்ட இத ஒளிக்காம சொல்லிடுங்க.

இப்ப நான் கறாரா சொல்ற விஷயம். சுற்றுச்சூழல்னு பேர் போட்ட டிகிரில இப்பவே சேக்காதீங்க. பிஎஸ்சி கெமிஸ்ட்ரி, இல்லனா பிஇ சிவில், இதுல ஒண்ணு. வேலை விளம்பரத்துல பெரும்பாலும் இந்த அடிப்படை டிகிரியத்தான் கேக்கறாங்க, ஏரிய மேல்படிப்புல புடிச்சுக்கலாம். கெமிஸ்ட்ரின்னா ப்ராட்வே பாரதி மகளிர் கல்லூரி மாதிரி அரசு கல்லூரி போதும், அப்புறம் எம்எஸ்சி. சிவில்னா கேட்ங்கற மேல்படிப்பு நுழைவுத் தேர்வு எழுதி எம்இ இல்லனா எம்டெக், கிண்டில அண்ணா யுனிவர்சிட்டிலயே நீர்வளத்துக்குன்னு தனி மையம் இருக்கு, ஐஐடிலயும் இருக்கு. நடுவுல மனசு மாறினாலும் இந்த ரெண்டு டிகிரிக்கும் வேற வழி இருக்கும், எனக்கு அதுதான் முக்கியம். எதுல சேந்தாலும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் மேப் போடற சாஃப்ட்வேரும் கத்துக்கணும், அது தெரியாம ஆராய்ச்சில ஒரு அடி நகர முடியாது.

காசு விஷயம். பாப்பா ஆறாவதுல இருந்து கார்ப்பரேஷன் ஸ்கூல்தானே? அப்ப புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா கிடைக்கும், இன்ஜினியரிங்னா கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல சீட் கிடைச்சா ஃபீஸ கவர்மென்ட்டே கட்டிடும். பின்னாடி நெட்னு ஒரு தேசியத் தகுதிப் பரிட்சை இருக்கு, அதுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேறிட்டா பிஎச்டி படிக்கும்போதே மாசம் 37,000 கிடைக்கும், ஆனா பிஎச்டி முடிய அஞ்சு வருஷம் ஆகும், அதுக்கு மேலதான் நிரந்தர வேலை, இத மறைக்க மாட்டேன். ஆராய்ச்சி வேணாம்னு பாதில தோணினா எம்எஸ்சியோட நிறுத்திட்டு தண்ணி டெஸ்ட் பண்ற லேப், மெட்ரோ வாட்டர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்னு முயற்சி பண்ணலாம்.

ஞாயித்துக்கிழமை மார்க் ஷீட்டோட பாப்பாவையும் கூட்டிட்டு வாங்கண்ணா. கெமிஸ்ட்ரி புடிக்குமா கணக்கு புடிக்குமான்னு அதுகிட்டயே கேட்டுட்டு ஃபார்ம் போடலாம்.