கேள்வி–பதில்: தண்ணீர் சுமந்தவர் வென்ற கோப்பைகள்

நாகர்கோவில் வாசகர்: கால்பந்து உலகக் கோப்பையை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வென்றவர்கள் எத்தனை பேர்? மாரடோனாவுக்கே கைகூடாதது அவர்களுக்கு எப்படிக் கைகூடியது?

மூன்றே பேர். பிரேசிலின் மரியோ சகாலோ 1958இலும் 1962இலும் ஆடி வென்றார், 1970இல் பயிற்சியாளராக வென்றார். மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பவர் 1974இல் அணித்தலைவர், 1990இல் பயிற்சியாளர். மூன்றாமவர் பிரான்சின் திதியே தெஷாம்: 1998இல் அணித்தலைவர், 2018இல் பயிற்சியாளர். நம் செய்தித்தாள்கள் டிடியர் டெஷாம்ப்ஸ் என்று எழுதுவது இவரைத்தான்.

பெக்கன்பவரிடம் இருந்த நளினத்தில் பாதிகூட தெஷாமிடம் இருந்ததில்லை. எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து, தன்னைவிடத் திறமையான ஒருவரின் காலுக்குத் தள்ளிவிடுவதே நடுக்களத்தில் அவர் செய்த வேலை. பிரான்சுக்காக ஆடிய 103 ஆட்டங்களில் அவர் அடித்த கோல்கள் வெறும் 4. சக நாட்டவரான எரிக் கன்டோனா, 1996இல், இவரைத் 'தண்ணீர் சுமப்பவர்' என்றும், இத்தகையவர்கள் தெருவுக்குத் தெரு கிடைப்பார்கள் என்றும் இகழ்ந்தார். ஆனால் 1993இல் பிரெஞ்சு அணியான மர்செய், இத்தாலியின் ஏ.சி. மிலானை வென்று, ஐரோப்பியக் கழக அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் கோப்பையைப் பெற்றபோதும், 1998இல் பிரான்ஸ் முதன்முறையாக உலகக் கோப்பையைப் பெற்றபோதும், 2000இல் ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பையைப் பெற்றபோதும் அவற்றைத் தூக்கிய அணித்தலைவர் இந்தத் தண்ணீர் சுமப்பவர்தான். மேதைக்குத் தான் செய்வதை மற்றவருக்கு விளக்கத் தெரிவதில்லை. மேதைகளுக்காக ஓடியவருக்கோ ஓர் அணியில் யாருக்கு யார் துணை என்பது மனப்பாடம். 2010இல் மாரடோனா பயிற்றுவித்த அர்ஜென்டினா ஜெர்மனியிடம் 0–4 என்று தோற்றதை நினைத்துப் பாருங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: நேராகத் தேசிய அணிக்கு வந்துவிட்டாரா?

இல்லை. 2001இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மொனாக்கோ அணியை ஏற்று, 2004இல் சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை கொண்டுசென்று, மொரின்யோ பயிற்றுவித்த போர்ச்சுகல் அணியான போர்ட்டோவிடம் தோற்றார். ஊழல் வழக்கில் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்ட இத்தாலிய அணியான யுவென்டஸை 2006–07 பருவத்தில் முதல் பிரிவுக்கு மீட்டார். 2010இல் மர்செய்க்கு, 18 ஆண்டுகளுக்குப் பிறகு, பிரெஞ்சு லீக் பட்டத்தைத் தந்தார். தேசிய அணி அவரிடம் வந்தது 2012இல்.

புதுச்சேரி வாசகர்: இத்தனை நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு ஏன் இப்படிச் சோர்வூட்டும் ஆட்டம் ஆடவைத்தார்?

குற்றச்சாட்டு நியாயமானதே; நானும் பல ஆட்டங்களில் கொட்டாவி விட்டிருக்கிறேன். ஆனால் 1993 நவம்பரில் பாரிஸில் நடந்ததை மறக்கக்கூடாது. பல்கேரியாவுடன் சமன் செய்தாலே பிரான்சுக்கு 1994 அமெரிக்க உலகக் கோப்பைக்குத் தகுதி என்ற நிலையில், ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கும்போது, மூலையில் பந்தைப் பத்திரமாக வைத்திருக்காமல் பிரான்சின் ஜினோலா அதைக் குறுக்கே தூக்கி அடித்தார். பந்து எதிரணியிடம் போய், பல்கேரியாவின் கோஸ்டடினோவின் காலிலிருந்து கோலாகத் திரும்பி வந்தது; பிரான்சின் தகுதி பறிபோனது. அன்று தெஷாமும் களத்தில் நின்றார். அவருடைய எச்சரிக்கை உணர்வுக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு.

2018 உலகக் கோப்பைக்கு அவர் அமைத்த அணியைப் பாருங்கள். நடுத்தடுப்பாளர்களான பவாரும் லூக்கா எர்னாண்டெஸும் இரு ஓரங்களைக் காத்தார்கள். நடுக்கள ஆட்டக்காரரான மத்துயிதி இடது ஓரத்தில் ஓடினார். தாக்குதலின் முனையில் நின்ற ஜிரூ, அந்தத் தொடர் முழுவதும் இலக்கை நோக்கி ஒரு பந்தைக்கூட அடிக்காமலே உலகச் சாம்பியனானார். எதிரணித் தடுப்பாளர்களைத் தன் மேல் இழுத்துக்கொண்டு கிரீஸ்மனுக்கும் எம்பாப்பேவுக்கும் இடம் ஒதுக்குவதே அவருக்கு இடப்பட்ட பணி. தெஷாம் தம்மைப் போன்றவர்களையே பொறுக்கியெடுத்தார் என்று சொல்லலாம். மாஸ்கோ இறுதியாட்டத்தில் பந்து பெரும்பாலும் குரோவேஷியாவிடமே இருந்தது. ஆட்டம் முடிந்தபோது பிரான்ஸ் 4–2 என்று வென்றிருந்தது.

அதே ஜிரூவை 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், அர்ஜென்டினா 2–0 என்று முந்தியிருந்தபோது, இடைவேளைக்குக்கூடக் காத்திராமல் 41ஆவது நிமிடத்தில் வெளியே அழைத்துக்கொண்டார். டெம்பெலேயும் உடன் வெளியேற, கோலோ முவானியும் மார்க்கஸ் துராமும் உள்ளே வந்தார்கள். முவானி பெற்றுத்தந்த பெனால்டியில் எம்பாப்பே முதல் கோலை அடித்தார். அடுத்த நிமிடமே துராம் தட்டிக் கொடுத்த பந்தில் இரண்டாவதும் விழுந்தது. கூடுதல் நேரத்திலும் 3–3 என்று நின்ற அந்த ஆட்டத்தை பிரான்ஸ் பெனால்டிகளில் 2–4 என்று இழந்தது. 2026 உலகக் கோப்பையுடன் விலகுவதாக அவர் அறிவித்தது 2025 ஜனவரியில்.