கேட்டுக்கு வெளியே கசியும் பைப்: 18,500 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: சென்னை மந்தைவெளியில் பழைய தனி வீடு. பத்து நாளாகக் கேட்டுக்கு வெளியே, காம்பவுண்டு சுவரை ஒட்டி மண் காயவே மாட்டேன் என்கிறது. பாசி பிடித்து, நேற்று பக்கத்து வீட்டு மாமா வழுக்கி விழப் பார்த்தார். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ வாட்டர் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில்தான் தரைக்கடியில் இருக்கும் சம்புத் தொட்டிக்கு வருகிறது. பிளம்பர் ஒருவர் வந்து காலால் மண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, மொத்த லைனும் போச்சு, ரோட்டை வெட்டி மெயினில் இருந்து புது பைப் போடணும், 18,500 ஆகும், 10,000 அட்வான்ஸ் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இன்றைக்குக் கொடுக்காதீர்கள். காலால் தட்டிப் பார்த்து மொத்த லைனும் போச்சு என்று சொல்ல யாராலும் முடியாது. பத்து நாள் பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு நாள் பொறுத்து ஒரு சின்ன சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை.

கேட்டுக்கு உள்ளே, சம்புக்கு முன்னால் ஒரு கேட் வால்வு இருக்கும் (பழைய வீடுகளில் அடிபம்புக்குப் பக்கத்தில் மண் மூடிக் கிடக்கும், தோண்டித்தான் எடுக்க வேண்டும்). தண்ணீர் வரும் நேரத்தில் அதை இறுக்கி மூடிவிட்டு அரை மணி நேரம் ஈர இடத்தைப் பாருங்கள். கசிவு நின்றால் ஓட்டை வால்வுக்கு இந்தப் பக்கம், உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. நிற்காமல் முன்பைவிட வேகமாக ஊறினால் வால்வுக்கு அந்தப் பக்கம், அதாவது ரோட்டுப் பக்கம். சப்ளை இல்லாத நேரத்திலும் ஒரே மாதிரி ஊறிக்கொண்டே இருந்தால் அது மெட்ரோ தண்ணீராகவே இல்லாமல் போகலாம். சம்பு விரிசலாக இருக்கும், இல்லையென்றால் சாக்கடை. ராத்திரி மோட்டார் போடாமல், சம்புச் சுவரில் தண்ணீர் மட்டத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால், பிளம்பர் பைப்பை மாற்றி என்ன பயன்?

வாடையும் பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும்) இருந்தால் சம்புத் தண்ணீரையும் கசிகிற தண்ணீரையும் தனித்தனி டம்ளரில் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண் காட்டினால் அது பெரும்பாலும் உங்கள் தண்ணீர்தான். வெகுவாக வித்தியாசப்பட்டால் போர் தண்ணீரோ சாக்கடையோ கலந்திருக்கலாம்.

சரி, ரோட்டுப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. அப்போது முதலில் கூப்பிட வேண்டியது பிளம்பரை இல்லை, சென்னைக் குடிநீர் வாரியத்தை. 1916, அல்லது 044-45674567. கசிவு எங்கே என்று அடையாளத்தோடு சொல்லி, புகார் எண்ணை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் எதற்கும் அந்த எண்தான் கைப்பிடி. தனியார் பிளம்பர் தன் இஷ்டத்துக்கு ரோட்டை வெட்ட முடியாது, அதற்கு மாநகராட்சி அனுமதி வேண்டும், கட்டணமும் உண்டு. அவர் சொன்ன 18,500-இல் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். மெயின் லைனில் இருந்து உங்கள் பைப் கிளம்பும் இடத்தில் ஃபெரூல் என்று ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். அதில் கை வைப்பது வாரியத்து ஆட்களின் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது.

இதைத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் சொல்வதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. நம் ஊரில் குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை, சில மணி நேரம் வரும், அப்புறம் லைன் காலி. வரும்போது ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் வெளியே போகிறது, லைன் காலியாக இருக்கும்போது அதே ஓட்டை வழியாகச் சுற்றியிருக்கும் சேற்றுத் தண்ணீர் உள்ளே போகிறது. அடிபம்பு அடித்தால் இன்னும் வேகமாக உறிஞ்சும். மோட்டாரை நேரடியாக லைனில் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம், அது சட்டப்படியும் தப்பு. ரிப்பேர் முடியும்வரை முதலில் வரும் தண்ணீரைச் சம்பில் விடாமல் வெளியே விடுங்கள், குடிப்பதைக் கொதிக்க வையுங்கள்.

கசிவு உள்பக்கம் என்றால் செலவு உங்களுடையது. அப்போதும் முதலில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், விலை பிறகு. பழைய ஜிஐ பைப்பில் பெரும்பாலும் எல்போவிலோ (வளைவுத் துண்டு) மரை போட்ட இடத்திலோதான் துரு தின்றிருக்கும், அந்த ஒரு துண்டை மாற்றினால் போதும். எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒரு எல்போவுக்கு நான் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கிவிட்டு, நான்கு மாதம் பெருமையாகத் திரிந்தேன். ஐந்தாவது மாதம் பக்கத்து ஜாயின்ட்டும் போய், முன்பு ஒரு எல்போவில் முடிந்திருக்க வேண்டியது ஆறடி பைப்பில் முடிந்தது. ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையும் அப்படித்தான், ஒரு வாரம் தாங்க வைக்கலாம், வருஷக் கணக்கில் நம்பக் கூடாது.

பைப் வாங்கப் பிளம்பரோடு நீங்களும் கடைக்குப் போங்கள். மண்ணுக்குள் போடுவதற்கு ஜிஐ என்றால் பி கிளாஸ் கேளுங்கள், நீலப் பட்டை இருக்கும். மஞ்சள் பட்டை ஏ கிளாஸ், மெலிசு, அதைத்தான் பி என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். துருத் தொல்லையே வேண்டாம் என்றால் எச்டிபிஇ என்கிற பாலிஎதிலீன் பைப் நல்லது. ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே தர எண் இருக்க வேண்டும் (ஜிஐக்கு 1239, எச்டிபிஇக்கு 4984, கெட்டி பிளாஸ்டிக்கான யுபிவிசிக்கு 4985), கீழே சிஎம்/எல் என்று ஆரம்பிக்கும் உரிம எண். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் என்ற அரசுத் தர அமைப்பின் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். கடையிலேயே நின்று பாருங்கள். பில் வேண்டாம் என்றால் விலை குறைப்பேன் என்பார் கடைக்காரர், அந்தக் குறைப்பு வேண்டாம்.

பிளம்பரிடம் பைப் எத்தனை அடி, ஃபிட்டிங்ஸ் என்னென்ன, கூலி எவ்வளவு, பள்ளத்தை மூடிச் சிமென்ட் பூசுவது யார் என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் சாமான் காசுக்கு மேல் வேண்டாம். பள்ளத்தை மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டு ஜாயின்ட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

கேள்வி: இதே பிரச்சினைதான், ஆனால் நான் வாடகைக்கு இருக்கிறேன். பாதிச் செலவு உன்னுடையது என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: இல்லை. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், 2017 அட்டவணை போட்டே சொல்கிறது: பைப் மாற்றுவது வீட்டுக்காரர் வேலை, குழாய், வாஷர் மாற்றுவது குடியிருப்பவர் வேலை. நீங்கள் எதையும் உடைத்திருந்தால் கதை வேறு. கசிவைப் படம் எடுத்து, தேதியோடு அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், வாய்ப்பேச்சாக விடாதீர்கள்.