மைஃபோர்டு லேத் கியரை 1.25 மாட்யூலில் வெட்டலாமா?

சார், உங்கள் மைஃபோர்டு எம்எல்7 லேத்தில் உடைந்த 40 பல் சேஞ்ச் கியரை (வேக விகிதத்துக்கு ஏற்பக் கழற்றி மாற்றிப் போடும் கியர்) 1.25 மாட்யூலில் (பல்லின் அளவைச் சொல்லும் மெட்ரிக் எண்) வெட்டித் தருவதாகப் பட்டறையில் சொன்னார்கள் என்றீர்களே, தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அது இங்கிலாந்து மெஷின். சேஞ்ச் கியர் எல்லாம் 20 டிபி (டயமெட்ரல் பிட்ச், அதாவது பிட்ச் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 20 பல்), பல்லின் சரிவைக் குறிக்கும் அழுத்தக் கோணம் 14½ டிகிரி. நீங்கள் அளந்த வெளிவிட்டம் 53.3 மிமீ அதையேதான் காட்டுகிறது: 40-உடன் 2 கூட்டி 20-ஆல் வகுத்தால் 2.1 அங்குலம். 1.25 மாட்யூலில் 52.5 மிமீதான் வரும். மற்ற கியர்களோடு சரியாகச் சேராது, இரைச்சல் போட்டு அவற்றையும் தின்றுவிடும்.

20 டிபி, 14½ டிகிரியில் 3-ஆம் நம்பர் கட்டர் கேளுங்கள். 35 முதல் 54 பல் வரைக்கும் அதுதான். வெட்டு ஆழம் 2.74 மிமீ.

துளை அளவைப் பழைய கியரில் எடுக்க வேண்டாம், தேய்ந்திருக்கும். அது ஏறும் தண்டில், தேயாத இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து கொடுங்கள்.